இரைச்சல் என்று எதைச் சொல்கிறோம்?

1991-இல் திண்டிவனம் பக்கத்துச் சேரி ஒன்றில், ஒரு சாவு வீட்டில் ஒப்பாரியைப் பதிவு செய்தேன். அறுபது நிமிட கேஸட், சின்ன டேப்ரிகார்டர், அதிலேயே உள்ள மைக். பாடியவர் அறுபதைத் தாண்டிய ஒரு நடவுக்கூலிப் பெண்மணி. 2005-இல் அதையும் சேர்த்து என்னிடமிருந்த நாற்பது கேஸட்டுகளை ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னேன். எம்பி3 வடிவம், நொடிக்கு 128 கிலோபிட். 'கண்ணாடி மாதிரி இருக்கும் சார், இரைச்சலே இருக்காது' என்றார் கடைக்காரர். இருக்கவில்லைதான். நாற்பது சி.டி.யில் அடைய வேண்டியது நான்கு சி.டி.யில் அடங்கியது. எனக்கும் அன்றைக்குக் காசில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். 'அதான் சி.டி. இருக்கே' என்று முக்கால்வாசி கேஸட்டுகளைக் குப்பையில் போட்டேன். இதை எழுதவே கூசுகிறது.

2012-இல் அந்த அம்மாவின் பேரன் தேடி வந்தான். ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது; குரலாவது வேண்டும் என்றான். போட்டுக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி கேட்டவன் கடைசியில் கேட்டான்: 'ஆயா தனியாவா அழுதுச்சு? மத்தவங்கல்லாம் எங்கண்ணா?'

நான் அங்கே இருந்தவன். ஆயா தனியாக அழவில்லை. ஏழெட்டுப் பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு அடி பாடி நிறுத்தும்போது மற்றவர்களின் விம்மல் வரும். தெருமுனையிலிருந்து பறை கேட்கும். ஒப்பாரி என்பது அந்த வட்டம்தான். அது எங்கே போனது?

அதிர்ஷ்டவசமாக அந்த ஒரு கேஸட் தப்பியிருந்தது. போட்டுக் கேட்டேன். எல்லாரும் இருந்தார்கள்.

*

நடந்தது இதுதான். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு முதலில் 'இரைச்சல் எது' என்று ஒரு மாதிரி காட்ட வேண்டும். பாட்டு இல்லாத ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், அங்கே உள்ள ஒலியின் சாயலை எடுத்துக்கொண்டு பதிவு முழுவதிலும் அதைக் கழித்துவிடும். கடைக்காரர் குறித்தது ஆயா பாட்டை நிறுத்திய ஓர் இடைவெளியை. அவர் காதுக்கு அது வெற்றிடம். அந்த 'வெற்றிட'த்தில்தான் மற்ற பெண்கள் இருந்தார்கள். போதாததற்கு, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகிற ஒலியை அடியோடு மூடிவிடும் வசதியையும் போட்டிருக்கிறார். விம்மலும் தூரத்துப் பறையும் அந்த அளவுக்குக் கீழே.

வேடிக்கை என்னவென்றால், அந்த மட்டமான டேப்ரிகார்டர் இந்த விஷயத்தில் ஜனநாயகமாக நடந்துகொண்டிருந்தது. ஒலி அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு அதில் உண்டு. முன்னால் பாடுகிறவர் நிறுத்தினால் அது மெல்லத் தன் காதைத் திறக்கும். பின்னால் இருப்பவர்கள் மேலே வருவார்கள். கருவி திறந்து வைத்த கதவைக் கம்ப்யூட்டரில் நாம் சாத்தினோம்.

கடைக்காரரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? யார் பாடகர், யார் பின்னணி, எது பிரதி, எது ஓரம் என்கிற தீர்மானம் அவருக்கு முன்பே அந்த எண்களில் எழுதப்பட்டிருந்தது.

*

அந்த எண்களுக்கு வரலாறு உண்டு. ஒலியை எண்ணாக்குவது என்றால், அலையை நொடிக்கு இத்தனை தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் இத்தனை படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்வது. எத்தனை தடவை என்பதற்கு ஒரு விதி இருக்கிறது: எடுக்க வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். 1928-இல் ஹாரி நைக்விஸ்ட், 1949-இல் கிளாட் ஷானன் – இருவருமே தொலைபேசி ஆராய்ச்சியிலிருந்து வந்தவர்கள். மனிதக் குரலில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்பது தொலைபேசி உலகின் தீர்மானம்; ஆகவே நொடிக்கு 8,000 தடவை, 256 படிகள். எதற்குப் 'போதும்'? சொல் புரிந்தால் போதும், ஒரே கம்பியில் நிறையப் பேரை ஓட்டலாம். 'ஸ'வுக்கும் 'ஃப'வுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் போனில் பெயரைச் சொல்லும்போது எழுத்தெழுத்தாகக் கத்துகிறோம். மூச்சு, விம்மல், தோலில் குச்சி படுகிற கணம் – இவையெல்லாம் வணிகக் கணக்கில் உபரி.

சி.டி.யின் 44,100 இன்னும் சுவாரசியம். ஏதோ காதின் ரகசியத்திலிருந்து கண்டுபிடித்த எண் போலத் தோன்றும். காது கேட்கும் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ் என்பதால் 40,000-க்கு மேல் தேவை, அவ்வளவுதான். மீதியைத் தீர்மானித்தது வீடியோ டேப். அன்றைக்கு இவ்வளவு தகவலைத் தாங்கக்கூடிய கருவி அதுதான். ஒரு வரிக்கு 3 அளவு, 245 வரி, நொடிக்கு 60 புலம்: பெருக்கினால் 44,100. ஐரோப்பியக் கணக்கில் 294 வரி, 50 புலம்: அதே 44,100. 1982-இல் சி.டி. சந்தைக்கு வந்தது, கையிலிருந்த இயந்திரத்தின் வசதி 'தரம்' என்கிற பெயரில் நிலைத்துவிட்டது.

சி.டி. நொடிக்கு 14,11,200 பிட் கேட்கும். 128 கிலோபிட் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கு. மீதி? ஒரு பெரிய ஒலி பக்கத்துச் சின்ன ஒலியை மறைத்துவிடும், ஆகவே சின்னதைத் தூக்கிவிடலாம் என்பது இதன் தத்துவம். இந்த வடிவத்தின் வரலாற்றை 2012-இல் ஒரு நூலாக எழுதிய ஜோனதன் ஸ்டெர்ன், இதன் வேர்கள் தொலைபேசி நிறுவன ஆய்வுகளில் இருப்பதைக் காட்டுகிறார். ஜெர்மனியில் இதை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், வாத்தியம் எதுவுமின்றி சூசன் வேகா தனியாகப் பாடிய ஒரு பாட்டில்தான் தன் முறையின் ஓட்டைகளைக் கண்டார். அதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். ஒரு பெண்ணின் தனிக்குரல் அளவுகோலாக நின்றது. வட்டமாக உட்கார்ந்து அழுகிற பெண்களை யாரும் அந்தச் சோதனைக்கு அழைக்கவில்லை.

*

இது கம்ப்யூட்டரோடு தொடங்கிய கதையும் இல்லை. முதல் உலகப் போரின்போது, 1915–18-இல், ஜெர்மன் முகாம்களில் அடைக்கப்பட்ட போர்க்கைதிகளின் குரல்களைப் பிரஷ்ய ஆணையம் ஒன்று தட்டுகளில் பதிந்தது. வூன்ஸ்டார்ஃப் முகாமிலிருந்த இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு. கிரியர்சனின் மொழி அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை இந்தியாவில் கிராமபோன் பதிவுகள் எடுக்கப்பட்டன. சென்னை மாகாண மொழிகளும் அதில் உண்டு. கெட்ட குமாரனின் உவமையைச் சொல்லு என்றார்கள், சொன்னார்கள். தேவைப்பட்டது மொழியின் மாதிரி, பேசியவனின் பேச்சு அல்ல. ஆனாலும் தட்டில் அவன் மூச்சு விழுந்துவிட்டது. 2007-இல் பிலிப் ஷெஃப்னர் 'தி ஹாஃப்மூன் ஃபைல்ஸ்' என்று படமெடுத்தபோது, மல் சிங் என்கிற கைதியின் குரல் தொண்ணூறு வருஷம் தாண்டி நம்மோடு பேசியது. ஆவணம் எடுத்தவன் வேண்டாம் என்று நினைத்ததுதான் பின்னால் வருகிறவனுக்கு வரலாறு. இன்றைக்கு இரைச்சல் எது என்று முடிவுகட்ட நாம் யார்?

*

மிச்சமிருந்த பதினோரு கேஸட்டுகளையும் நானே ஏற்றினேன். என்ன வைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், தோழர்கள் யாருக்காவது பயன்படும்.

நொடிக்கு 48,000, 24 பிட், சுருக்கம் இல்லாத வேவ் கோப்பு. உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் குறைந்தபட்சம் என்று சொல்வது இதைத்தான். 96,000 வைப்பதையும் பரிந்துரைக்கிறது. எனக்கு 48,000 போதும். டேப்பில் ஏறாத ஒலியை எண்ணைப் பெரிதாக்கி வரவழைக்க முடியாது; பெரிய எண்மீது பக்தி வேண்டாம். ஆனால் 24 பிட்டில் விட்டுக்கொடுக்கவில்லை. படிகள் நிறைய இருப்பதால் பதிவு அளவைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். விம்மலும் தொலையாது, திடீரென்று பறை விழும்போது உச்சியும் வெட்டுப்படாது. வெட்டுப்பட்டால் திரும்பாது. அறுபது நிமிடத்துக்கு இரு தடத்திலுமாக ஒரு ஜிகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஆகட்டும்.

கம்ப்யூட்டரைவிட முக்கியம் டேப் ஓட்டும் கருவி. டேப்பைத் தொடுகிற 'ஹெட்' சரியான கோணத்தில் நிற்காவிட்டால் மேல் ஸ்தாயி மழுங்கிவிடும். பிறகு எந்த மென்பொருளும் அதை மீட்காது. ஒவ்வொரு கேஸட்டுக்கும் அதன் திருகை மெல்லத் திருப்பி, ஒலி பளிச்சென்று ஆகும் இடத்தில் நிறுத்தினேன். டால்பி இல்லாமல் பதிந்த டேப்புக்கு டால்பியை அணைத்தேன். இரைச்சல் நீக்கம் எதுவும் செய்யவில்லை. கேட்கக் கொடுப்பதற்கு வேண்டுமானால் ஒரு நகலில் செய்துகொள்ளலாம். மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது. எந்தக் கருவி, என்ன அளவு, யார் முடிவு செய்தது என்று ஒவ்வொன்றோடும் எழுதி வைத்திருக்கிறேன். கேஸட்டையும் வைத்திருக்கிறேன்.

பேரனை வரச்சொல்லிப் புதுப் பதிவைப் போட்டேன். டேப்பின் 'ஸ்ஸ்' சத்தம் முதலில் வந்தது. முகம் சுளிக்கவில்லை. ஆயா நிறுத்திய இடத்தில் மற்ற குரல்கள் எழுந்தன. ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னான்: 'இது எங்க பெரிம்மா... இது மேட்டுத்தெரு அத்தை.' கடைசியில் ஒரு குழந்தை வீரிட்டது. 'நானாக்கூட இருக்கலாம்ணா' என்றான்.

குப்பையில் போன இருபத்தொன்பது கேஸட்டுகளில் யார் யார் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.