வேலியில் களை, மலையில் பழம்

மேட்டூர், கொளத்தூர் பக்கத்துக் கிளுவை வேலிகளில் மழை விழுந்ததும் படரும் சிறுபூனைக்காலியும், சேர்வராயன் மலையில் விளையும் தாட்பூட் பழமும் ஒரே குடும்பத்துக் கொடிகள். இலங்கைத் தமிழர் தாட்பூட் பழத்தைக் கொடித்தோடை என்பார்கள். இரண்டும் பாசிஃபுளோரா பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்குமே பிறந்த மண் தென்னமெரிக்கப் பக்கம்தான். ஒன்றை யாரும் விதைக்கவில்லை, அது தானாகவே ஊரெல்லாம் பரவியது. இன்னொன்றைத் தேடிக் கொண்டுவந்து நட்டார்கள், அது மலையை விட்டு இறங்கவே இல்லை.

இந்தப் பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறத்தாழ எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. அங்கே போன கிறித்தவத் துறவிகள் இந்தப் பூவில் இயேசுவின் பாடுகளைக் கண்டார்கள். மூன்று சூல்முடிகள் ஆணிகள், ஐந்து மகரந்தப் பைகள் காயங்கள், நடுவில் உள்ள இழை வளையம் முள்முடி என்று கணக்கிட்டார்கள். ரோமில் ஜாக்கோமோ போசியோ 1610இல் இதை நூலில் எழுதியதும் பூவின் புகழ் ஐரோப்பா முழுதும் பரவியது. பழத்தை அறிவியல் கவனித்தது வெகு காலம் கழித்துத்தான். ஊதாப் பழம் தரும் கொடிக்கு ஜான் சிம்ஸ் 1818இல் பாசிஃபுளோரா எடுலிஸ் என்று பெயரிட்டார்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பேரினத்தில் சொந்தப் பிள்ளை ஒன்றும் இருந்தது. புதுச்சேரித் தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் லெஷனோ, 1816க்குப் பிறகு தென்னிந்தியாவில் அலைந்து செடிகள் சேகரித்தார். நீலகிரிக் காட்டுக் கொடி ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்து, 1828இல் தெ காந்தோல் அதை உலகுக்கு அறிவித்தார். அந்தக் கொடி காட்டோடு நின்றுவிட்டது. தோட்டத்துக்கு அதைக் கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை.

வெளியிலிருந்து வந்ததையே தோட்டக்காரர்கள் நம்பினார்கள். சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கியதிலிருந்து, மலைத்தோட்டங்களில் புதுப் பழமரங்களை வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நீலகிரி, வயநாடு, கொடைக்கானல், குடகு ஆகிய இடங்களோடு சேர்வராயன் மலையிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊதாத் தாட்பூட் நுழைந்தது. ஆனால் அது தோட்டத்து ஓரப் பயிராகவே இருந்தது. காப்பியும் மிளகும் காசு தரும்போது, பந்தல் போட்டு வளர்க்க வேண்டிய கொடிக்கு யார் செலவழிப்பார்?

இந்தக் கொடியைப் பெருக்கப் பழைய வழி விதைதான். ஒரு பழத்துக்குள் 250 விதைகள் வரை இருக்கும். கருத்த, வழவழப்பில்லாத, குழிகுழியான ஓடு. அதைச் சுற்றி மஞ்சள் சாறு நிறைந்த பை. விதை எடுப்பது தக்காளி விதை எடுப்பது போலத்தான்: நன்றாகக் காய்க்கும் கொடியிலிருந்து முற்றிப் பழுத்த பழத்தை எடுத்து, சதையை வழித்து, 72 மணி நேரம் புளிக்க விட்டு, பை கழன்றதும் கழுவ வேண்டும். கழுவிய கையோடு விதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை வரும். காயவைத்து மாதக்கணக்கில் வைத்திருந்த விதையோ முளைக்கத் தயங்கும், பாதிக்கு மேல் முளைக்காமலும் போகும். அதை உப்புத்தாளில் லேசாக உரசி விதைத்தால் ஓடு தளர்ந்து கொஞ்சம் முன்னதாக முளைக்கும். மார்ச், ஏப்ரலில் பாத்தியில் அரை அங்குல ஆழத்தில் விதைத்து, நான்கைந்து இலை வந்ததும் பைக்கு மாற்றி, மூன்று மாதம் கழித்து நடுவார்கள்.

ஊதா இனம் ஏன் சமவெளிக்கு இறங்கவில்லை என்பதற்கு விடை வெயிலில் இருக்கிறது. குளிர்ந்த மலையில் பூத்துக் காய்க்கும் இந்தக் கொடி, வெப்பமான தாழ்நிலத்தில் இலையை மட்டும் தள்ளிவிட்டு நின்றுவிடும். அனல் பறக்கும் மேட்டூரில் அதன் விதை முளைக்கும், கொடி படரும், பழம்தான் வராது. தாழ்நிலத்துக்கு உகந்தது மஞ்சள் பழம் தரும் இன்னொரு வகை. ஹவாயில் வளர்ந்த அதற்கு 1932இல் ஓட்டோ டெகெனர் தனிப்பெயர் கொடுத்தார். அதன் பூ உச்சிப்பொழுதில் விரிந்து இரவில் மூடும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு கொடியின் மகரந்தத்தைக் கருவண்டு சுமந்து வந்தால்தான் காய் பிடிக்கும். ஒரே கொடியிலிருந்து பதியன் போட்டுத் தோட்டம் முழுக்க நட்டவர் பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த இடத்தில் விதைக் கன்றே மேல், ஏனென்றால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குணத்தோடு வளரும்.

அதே குணக் கலப்பு வேறோர் இடத்தில் பாதகம். குடகின் செட்டள்ளியில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஊதாவையும் மஞ்சளையும் கலப்புச் செய்து ‘காவேரி’ என்னும் கலப்பினத்தை உருவாக்கியது. ஒரு பழம் 85 முதல் 110 கிராம் வரை எடை நிற்கும். அதன் விதையைப் போட்டால் தாயைப் போன்ற பிள்ளை கிடைக்காது. குச்சி வெட்டித்தான் நட வேண்டும்.

சிறுபூனைக்காலிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பழுத்த மஞ்சள் உருண்டையைப் பறவை தின்று, விதையை அடுத்த வேலியில் போடுகிறது. பழத்தைச் சுற்றியுள்ள வலை போன்ற செதில்களில் பிசினுண்டு. சிறு பூச்சிகள் அதில் ஒட்டிச் சாகும். அந்தச் செதில்கள் காயைக் காப்பதோடு பூச்சியைச் செரிக்கவும் செய்கின்றன என்று இந்திய ஆய்வாளர்கள் 1995இல் எழுதினார்கள். பழுத்ததைப் பிள்ளைகள் தின்பார்கள். பச்சைக் காயில் சயனைடு நஞ்சு இருப்பதால் அதைத் தொடக்கூடாது.

மேட்டூர்ப் பக்கம் தாட்பூட் வைக்க விரும்புவோர் ஏற்காட்டிலிருந்து ஊதாப் பழம் வாங்கி விதை எடுப்பதால் பயனில்லை. மஞ்சள் பழ விதையைப் புதிதாக வாங்கி, இரண்டு கொடிக்குக் குறையாமல் பந்தலேற்ற வேண்டும்.