தமிழகத்தின் பொதுநல நிறுவனங்கள்: அளவும் வகையும்

ஒரு மாநிலத்தில் ஆதாயம் கருதாது பொதுநலம் பேணும் நிறுவனங்கள் எத்துணை உள்ளன? அவை எவ்வெவ் வகையின? இவ்வினாக்கள் எளியன போலத் தோன்றும். யாதேனும் ஒரு பதிவேட்டை எடுத்து எண்ணினால் விடை கிடைத்துவிடும் என்று கருதுவோர் பலர். தமிழகத்தைப் பொறுத்தவரை அவ்வாறு எண்ணிப் பெறும் விடை பிழையாகவே முடியும் என்பதும், அப்பிழைக்குக் காரணம் வரலாற்றில் உள்ளது என்பதும் நம் கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்வோம். ஆதாயம் கருதா நிறுவனம் என்பது பொருளீட்டாத நிறுவனம் அன்று. அது பொருளீட்டலாம், ஆனால் செலவு போக எஞ்சியதைத் தன்னை நடத்துவோர்க்குப் பங்கிடலாகாது. அரசின் உறுப்பாகவும் அது இருத்தல் கூடாது. இவ்விரு இலக்கணமும் அமைந்தவற்றையே ஈண்டுப் பொதுநல நிறுவனம் எனக் கொள்கிறோம்.

1. கல்வெட்டுக் காலம்

முதலை அழியாது நிறுத்தி, அதன் விளைவைக் கொண்டு அறம் நடத்தும் முறையைத் தமிழ்க் கல்வெட்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்பட்ட செய்தி சோழர் கல்வெட்டுகளிற் பலகாலும் வருகின்றது. அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்கினர். ஆடு சாகும், மூக்கும். ஆயின் அதன் கன்று அதனிடத்தை நிரப்புதலால் மந்தையின் எண்ணிக்கை குறைவதில்லை. இக்காலச் சட்ட நூலார் நிலைமுதல் என்று கூறும் கருத்து முழுவதும் அத்தொடரில் அடங்கியிருத்தல் காண்க.

கோயில் அன்று வழிபாட்டிற்கு மட்டும் உரிய இடமாக இருக்கவில்லை. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரியைக் குறிக்கின்றது. வீரராசேந்திரன் காலத்துத் (1063-1070) திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், அதன் மருத்துவர், பணியாளர், மருந்துகள் ஆகியவற்றையும் விரித்துரைக்கின்றது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றைத் தெரிந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. ஆயினும் இவற்றை மிகைப்படப் புகழ்தல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. எண்ணாயிரத்துக் கல்வி பெரும்பாலும் வேதக் கல்வி; அதன் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. நாம் வலியுறுத்துவது வேறொன்று: விளக்கும் பள்ளியும் மருத்துவமனையும் உணவுச்சாலையும் அன்று ‘அறம்’ என்னும் ஒரே சொல்லின்கீழ் அடங்கின, அவற்றின் கணக்கும் ஒரே சுவரில் பொறிக்கப்பட்டது.

2. பிரிவினை

இவ்வொருமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் குலைந்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் சரபோசி ஆட்சியில் எழுந்த ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் போன்றவை வழிப்போக்கர்க்கு உணவும் உறையுளும் நல்கியதோடு கல்வியும் பேணின. சென்னை அரசின் 1817-ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், பள்ளிவாசல், கல்விச்சாலை, பாலம், சத்திரம் ஆகிய அனைத்தின் கொடைகளையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் ஒருங்கே வைத்தது. அதுவரையில் பழைய ஒருமை ஓரளவு நின்றது எனலாம்.

1863-ஆம் ஆண்டுச் சமயக் கொடைச் சட்டம் அரசு அலுவலரைச் சமய நிறுவனங்களினின்று விலக்கிக் குழுக்களிடம் அவற்றை ஒப்புவித்தது. சமயச் சார்பற்ற கொடைகள் வேறு வழியிற் சென்றன. தஞ்சைச் சத்திரங்கள் பின்னர் மாவட்ட ஆட்சிக் கழகத்தின் பொறுப்பாயின. ‘சமயம்’, ‘தருமம்’ என்னும் இரு கூறுகளாக அறம் பிரிந்தது இவ்வாறே.

இப்பிரிவினை எத்துணைச் செயற்கையானது என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் கொடையே சான்று. அவர் 1794-இல் மறைந்தார். அவர் விருப்ப ஆவணம் கோயில் வழிபாட்டிற்கும் பிற அறங்களுக்கும் பொருள் ஒதுக்கியது. நெடுங்காலம் வழக்கிற் சிக்கிய அப்பொருள், நீதிமன்றத்தின் ஏற்பாட்டால் அறங்காவலரிடம் சேர்ந்தது. அதன் பயனாக 1842-இல் சென்னையில் பள்ளி தோன்றியது. கோயிற் கட்டளையும் ஆங்கிலக் கல்வியும் ஒரே முதலினின்று பயன்பெறுவதை எந்த இனத்தில் வைத்து எண்ணுவது?

3. சங்கங்களின் எழுச்சி

1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் புதியதொரு வடிவத்தைத் தந்தது. பொருளுடைய ஒருவர் விட்டுச் சென்ற கொடையினின்று அன்றி, எழுவர் கூடி ஒப்பமிட்ட விதிகளினின்று நிறுவனம் பிறக்கலாம் என்பதே அதன் புதுமை. மதுரைத் தமிழ்ச் சங்கம் (1901), கரந்தைத் தமிழ்ச் சங்கம் (1911), இந்திய மாதர் சங்கம் (1917) ஆகியவை கூடி உழைக்கும் அந்நெறியை நாட்டில் வளர்த்தவை. மாதர் சங்கத்தின் முயற்சியாலும் முத்துலட்சுமி ரெட்டியாரின் உழைப்பாலும் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அவ்வம்மையார் 1930-இல் ஔவை இல்லத்தை நிறுவியவர் என்பதும் அறியத்தக்கது.

பழைய அறம் விலக்கி வைத்தோரைப் புதிய அமைப்புகள் சில நாடிச் சென்றன. 1894-இல் அடையாற்றில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி அத்தகையது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. மதுரையில் 1976-இல் மருத்துவர் வேங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் பொருளைக் கொண்டு செலுத்த இயலாதார்க்கும் பார்வை அளிக்கும் முறையை வகுத்தது. பொருளீட்டுதலும் ஆதாயம் கருதாமையும் முரணல்ல என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

எல்லையில் நிற்பனவும் சில உள. 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும், 1920-இல் பங்குதாரரைக் கொண்ட நிறுவனமாகப் பதிவுற்ற சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகமும் அத்தகையன. வடிவால் இவை நம் வரையறைக்குப் புறம்பானவை. தொண்டால் அதனை நெருங்கியவை.

4. பதிவேடுகளும் உண்மையும்

இனி அளவைக் காண்போம். இந்து சமய நிறுவனங்கள் 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்கீழ் வருவன. அவை நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை. வக்புகளுக்குத் தனி வாரியம் உண்டு. சங்கங்கள் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழும், ஆதாயம் கருதாக் கம்பெனிகள் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவின்கீழும் பதிவாகின்றன. வெளிநாட்டு நன்கொடை பெறுவோர்க்கு வேறொரு பதிவேடு.

பொது அறக்கட்டளைகளின் நிலையே பெருஞ் சிக்கலுடையது. அவை 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை என்று எழுதுவோர் பலர். அது பிழை. அச்சட்டம் தனியார் நலனுக்கான பொறுப்புரிமைகளைப் பற்றியது. பொதுச் சமயக் கொடைகளையும் அறக்கொடைகளையும் அது வெளிப்படையாக விலக்கியுள்ளது. மராட்டியத்திலும் குசராத்திலும் 1950-ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டத்தின் வழி எல்லாச் சமயத்தாரின் பொது அறங்களுக்கும் ஆணையரும் பதிவேடும் அமைந்தமை போல ஈண்டு அமையவில்லை. அறக்கட்டளை ஆவணங்கள் விற்பனை, அடைமானப் பத்திரங்களோடு சார்பதிவாளர் அலுவலகங்களிற் கலந்து கிடக்கின்றன.

பதிவேட்டில் இருப்பதனாலேயே ஒரு நிறுவனம் உயிரோடு இருப்பதாகவும் கொள்ள இயலாது. மத்தியப் புள்ளியியல் அமைப்பு 2008-ஆம் ஆண்டு வரை நாடெங்கும் பதிவான சங்கங்களைத் திரட்டியபோது அவை 31 இலட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றுள் பல இலட்சம் சங்கங்களை நேரிற் சென்று தேடியபோது, கண்டறியப்பட்டவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே.

மறுபுறம், உயிரோடிருந்தும் பதிவேறாதவை பல. வணிகர் தம் சரக்கின்மீது மூட்டைக்கு இவ்வளவு என ஒதுக்கும் மகமை, விருதுநகர் முதலிய ஊர்களிற் பள்ளிகளை எழுப்பியது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் தன்னுதவிக் குழுக்கள் மாநிலமெங்கும் பரவின. அவை பொதுவாகச் சங்கமாகப் பதிவாவதில்லை. ஆதலின் பதிவேட்டின்படி எண்ணுவோர் இறந்தவற்றைச் சேர்த்து, வாழ்வனவற்றை விடுகின்றனர்.

5. முடிபு

தமிழகத்துப் பொதுநல நிறுவனங்களின் பல்வகைமை மக்களின் கொடைக் குணத்தால் மட்டும் விளைந்ததன்று. ஒன்றாயிருந்த அறத்தை வெவ்வேறு காலத்துச் சட்டங்கள் வெவ்வேறு ஏடுகளிற் பகுத்தமையாலும் விளைந்தது. அவற்றின் அளவு தெளிவுறாமைக்கும் அதுவே காரணம்.

இது வெறும் எண் பற்றிய வழக்கன்று. ஓர் ஊரில் தண்ணீர்ப் பந்தலுக்கென விடப்பட்ட காணி, எந்த ஏட்டிலும் அறமெனக் குறிக்கப்படாதாயின், இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவரின் காணியாகிவிடும். பெயர் மறைந்தபின் அறத்தை மீட்க வல்லவர் இலர். சோழர் காலத்தார் தம் கொடையைக் கல்லிற் பொறித்தது புகழுக்காக மட்டும் அன்று; பின்வருவோர் கேட்பதற்குச் சான்று வேண்டும் என்பதற்காகவும் ஆகும்.

ஆதலின் முதுகலை மாணவர்க்கு நாம் கூறுவது இது: ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்க. அதன் கல்வெட்டுகள், சார்பதிவாளர் அலுவலக ஆவணங்கள், சங்கப் பதிவேடு, நில வரிக் கணக்கு ஆகிய நான்கையும் ஒப்பிடுக. பின்னர் ஊர்தோறும் நேரிற் செல்க. எந்தச் சட்டத்தின்கீழ் உள்ளது என்று முதலிற் கேளாமல், என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது என்று கேட்டு எழுதுக. அவ்வாறு வட்டந்தோறும் எழுதப்படும் அட்டவணைகள் ஒருங்கு சேரும் நாளில்தான் தமிழகத்து அறத்தின் உண்மையான அளவை நாம் கூற இயலும்.