நீர் தங்கும் அறைகள்: பழைய கார்களின் துரு குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

பழைய கார் ஒன்றின் கதவடியில் சாயம் கொப்புளித்திருப்பதைக் காண்பவர், மழை வெளியிலிருந்து தகட்டை அரித்துவிட்டது என்றே எண்ணுவார். பெரும்பாலும் நடந்திருப்பது இதற்கு மாறானது. துரு உட்புறத்தில் தொடங்கி, தகட்டின் கனத்தைத் தின்று, இறுதியிலேயே வெளிச்சாயத்தை எழுப்புகிறது. கண்ணுக்குப் புலப்படும்போது சேதம் பல ஆண்டு மூத்ததாகிவிடுகிறது. இந்த உட்புறம் காருக்கு எப்போது வாய்த்தது, அங்கே நீர் எவ்வாறு தங்குகிறது என்பவை பொறியியல் வரலாற்றின் ஓரத்தில் கிடக்கும் கேள்விகள். ஆயினும் கோடிக்கணக்கானோர் பயணம் செய்த வண்டிகளின் ஆயுளை நிர்ணயித்தவை.

தொடக்ககாலக் கார்கள் குதிரைவண்டியின் வழிவந்தவை. கனத்த இரும்புச் சட்டகம் எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கியது. மரச்சட்டங்களின்மேல் தகடு போர்த்திய உடல் அதன்மீது அமர்ந்தது. நீர் தங்கினால் மரம் உளுத்தது. எனினும் வலிமை சட்டகத்தில் இருந்தமையால் உடலைக் கழற்றி மாற்றிக்கொள்ள இயன்றது. 1922இல் லான்சியா லாம்ப்டாவும் 1934இல் சிட்ரோயன் டிராக்சியோன் அவானும் வேறொரு பாதையைக் காட்டின. அவற்றில் தனிச்சட்டகம் மறைந்து, உடலே சுமையைத் தாங்கியது. மெல்லிய தகடு தனித்து நின்றால் வளைந்துவிடும். அதனை மடித்து, மற்றொரு மடிப்போடு பற்றவைத்து மூடிய குழலாக்கினால் வளைவையும் முறுக்கையும் எதிர்த்து நிற்கும். கதவுகளுக்குக் கீழே ஓடும் 'சில்', கூரையைத் தாங்கும் 'பில்லர்', தரையின் குறுக்கு விட்டங்கள் ஆகிய யாவும் இவ்வாறு உள்ளீடற்ற பெட்டிகளாயின.

இந்தப் பெயர்கள் வீட்டிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் 'சில்' என்பது வாசல்நிலையின் அடிக்கட்டை, 'பில்லர்' தூண். கார் வீட்டின் சொற்களை ஏற்றது. வீட்டுக்குரிய ஒரு பொறுப்பையும் அதனுடன் ஏற்க நேர்ந்தது. கூரை வேய்பவர் நீர் இறங்கும் வழியையும் சேர்த்தே வேய்கிறார். மூடிய பெட்டிகளால் ஆன காருக்கும் அவ்வழி தேவைப்பட்டது. அதுவே ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் விடப்படும் சிறிய வடிதுளை.

அத்துளை அடைபட்டால் என்ன நிகழும் என்பதற்கான அறிவியல் விளக்கம் ஏறத்தாழ அதே காலத்தில் உருவாயிற்று. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் ரிச்சர்ட்சன் எவான்ஸ் 1920களில் இரும்பின்மேல் வைத்த உப்புநீர்த் துளிகளை ஆராய்ந்தார். துளியின் விளிம்பில் ஆக்ஸிஜன் மிகுதி, நடுவில் குறைவு. இரும்பு கரைந்ததோ நடுவில். ஆக்ஸிஜன் எட்டாத இடமே மின்வேதியியல் முறையில் பலியாகிறது என்ற இம்முடிவு பொதுப்புத்திக்கு முரணாகத் தோன்றலாம். காரின் துருவுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பற்றவைக்கப்பட்ட மயிரிழை இடுக்கிலும், சேறு படிந்த பெட்டியின் அடியிலும் ஈரம் உண்டு, காற்று இல்லை. அதே காலப்பகுதியில் டபிள்யூ. எச். ஜே. வெர்னன், காற்றின் ஈரப்பதம் ஒரு வரம்பைக் கடந்ததும் துருவின் வேகம் திடீரெனக் கூடுவதைக் காட்டினார். பெட்டிக்குள் ஒரு குவளை நீர் நின்றால், வெளியே கோடையாயினும் உள்ளே அந்த வரம்பு நீங்காமல் கடந்தே இருக்கும்.

இவ்வுண்மைக்கு இந்தியாவில் மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக மழையில் நனைந்துவரும் டெல்லி இரும்புத் தூண், நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ்ந்ததால் தன்மேல் ஒரு காப்புப் படலத்தை வளர்த்துக்கொண்டது. இரும்பில் மிகுந்திருந்த பாஸ்பரஸ் அதற்குத் துணைநின்றது என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். ஆனால் அதே தூணின் மண்ணில் புதைந்திருந்த பகுதியில் துருவும் குழிகளும் காணப்பட்டன. ஒரே இரும்பு, உலர முடிந்த இடம் நிலைத்தது, உலர முடியாத இடம் அரிக்கப்பட்டது. காரின் மென்தகட்டுக்குத் தூணின் வேதியியலும் இல்லை, கனமும் இல்லை.

பெட்டியின் துரு அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. 1972இல் வெளிவந்த லான்சியா பீட்டா காரில், எஞ்சினைத் தாங்கும் துணைச்சட்டகம் உடலோடு இணையும் பெட்டிப்பகுதி உள்ளிருந்து அரிக்கப்பட்டது. 1980இல் பிரிட்டனில் இது பெரும் சர்ச்சையாகி, நிறுவனம் பழைய வண்டிகள் பலவற்றைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. கூடுடல் முறையைத் தொடங்கிவைத்த பெயரே அதன் பலவீனத்துக்கும் எடுத்துக்காட்டானது வரலாற்றின் முரண்.

இந்தியச் சாலைகளுக்குக் கூடுடல் பெருமளவில் வந்தது இரண்டு வண்டிகளின் வழியே. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வடிவில் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் 1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. ஃபியட் 1100இன் வழிவந்த பிரீமியர் பத்மினி, மும்பையின் குர்லாவில் உருவாகி அந்நகரின் டாக்சியாயிற்று. ஐரோப்பிய வானிலைக்கு வகுக்கப்பட்ட பெட்டிகள், ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையையும் கடற்காற்றின் உப்பையும் எதிர்கொண்டன. புதிய கார் எளிதில் கிடைக்காத பதிற்றாண்டுகளில் அவை பலமுறை பழுதுபார்க்கப்பட்டு நெடுங்காலம் ஓடின. வண்டியின் ஆயுளைக் காத்தவர் டிங்கர் எனப்படும் தகட்டுப் பணியாளர்.

அவரது முதற்பணி நோயறிதல். பிரேக் போடும்போது கதவடியில் நீர் அலம்பும் ஒலி, காலையில் உட்புறமாகப் பனிக்கும் கண்ணாடி, விரிப்பின் அடியில் ஊறிய நாற்றம் ஆகியவை அறிகுறிகள். ஈரம் தென்படும் இடமும் நீர் நுழையும் இடமும் பெரும்பாலும் வேறுவேறு. முன்கண்ணாடியின் இறுகிப்போன ரப்பரில் நுழையும் நீர் தூணின் உள்ளே இறங்கி, சில்லை நிரப்பி, பின்னிருக்கையின் கீழே வெளிப்படலாம். எனவே வண்டியை முற்றிலும் உலர்த்தி, விரிப்புகளை நீக்கி, மூட்டுகளில் முகப்பவுடர் தூவி, ஒருவர் உள்ளே விளக்குடன் அமர, மற்றொருவர் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக நீர் விடுவர். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து தடம் அழிந்துவிடும். பவுடரில் கோடு விழும் இடமே நுழைவாயில். கதவின் உட்பக்கம் நனைவது பிழையன்று. கண்ணாடியோரம் இறங்கும் நீரை ஏற்று அடித்துளைகளால் வெளியேற்றுமாறே அது வகுக்கப்பட்டது. அத்துளைகளை அடைத்த சேற்றைக் கம்பியால் நீக்கினாலே பல வழக்குகள் முடிந்துவிடும். துருவேறிய சில்லின்மேல் புதிய தகட்டைப் போர்த்திப் பற்றவைப்பது எதிர்மாறான வேலை: அது வடிதுளையை மூடி, புதியதொரு பெட்டியையும் உண்டாக்கிவிடுகிறது.

தொழிற்சாலைகளும் இப்பாடத்தைக் கற்றன. 1960களில் ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவரின் முயற்சியால் வளர்ந்த மின்பூச்சு முறையில், உடல் முழுவதும் சாயத்தொட்டியில் அமிழ்த்தப்பட்டு மின்னோட்டத்தால் பெட்டிகளின் உட்புறமும் பூசப்படுகிறது. துத்தநாகம் பூசிய தகடும் உட்குழிகளில் தெளிக்கும் மெழுகும் பின்னர் பரவலாயின. சாயம் உள்ளே புகவும் வடியவும் துளைகளே வழி. காப்பு நுழையும் வாயிலும் நீர் வெளியேறும் வாயிலும் பல இடங்களில் ஒன்றே.

மும்பையின் கடைசி பத்மினி டாக்சி, 20 ஆண்டு வரம்பை எட்டி 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. டெல்லியிலும் டீசல் வண்டிக்கு 10, பெட்ரோல் வண்டிக்கு 15 என ஆண்டுகளே எல்லையாக வகுக்கப்பட்டன. புகையைக் குறைக்க இவ்வரம்புகளுக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு வண்டியின் உடல் பயணியைக் காக்குமா என்பதை ஆண்டுக்கணக்கு சொல்லாது. துளைகள் திறந்திருந்த முப்பது வயது வண்டி உறுதியாக நிற்கலாம். துளைகள் அடைபட்ட பத்து வயது வண்டியின் சில் சாயத்தின் பலத்தில் மட்டுமே நிற்கலாம். இரண்டையும் பிரித்தறிந்தது தட்டிப்பார்த்து ஒலியைக் கேட்ட செவியும், கம்பியால் துழாவிய கையும். அம்பாசிடரின் தயாரிப்பு வரலாறு எழுதப்பட்டுவிட்டது. அதை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடவைத்த கைகளின் அறிவு இன்னும் பட்டறைகளின் வாய்மொழியிலேயே வாழ்கிறது. அப்பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் இக்காலத்தில், அதனைப் பதிவுசெய்வதற்கான அவகாசம் குறுகியது.