வார்ப்புத் தகட்டிலிருந்து வசைச்சொல்லுக்கு: ஒரேமாதிரித்தன்மையைக் குறிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்கள்

புதுமையற்றது, ஒரே வார்ப்பாக இருக்கிறது என்று ஒன்றைக் குறைசொல்ல ஆங்கிலம் அடிக்கடி எடுத்தாளும் சொற்களில் ஸ்டீரியோடைப், கிளிஷே, பாய்லர்பிளேட் ஆகிய மூன்றுக்கும் அச்சுக்கூடத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. ஒரு பக்கத்தின் எழுத்துகளை மொத்தமாக வார்த்தெடுத்த உலோகத் தகட்டை அச்சுத்தொழிலாளர் இப்பெயர்களால் அழைத்தார்கள். அந்தத் தகடு அதைச் செய்தவர்களுக்குப் பெருமை தந்த பொருள். பெருமையின் பெயர் எப்படி வசையானது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தகடு வருவதற்கு முன்பும் ஆங்கிலத்தில் சலிப்புக்குச் சொல் இல்லாமல் இல்லை. ஒற்றைச் சுருதி என்னும் கிரேக்கப் பொருளிலிருந்து வந்த மோனோடனி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரலையும் இசையையும் பற்றியே பேசியது. 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய ஹம்டிரம், முனகலை ஒலித்துக் காட்டுவது. ஹாக்னீட் என்பதன் வேர் வாடகைக் குதிரை. யார் யாரோ ஏறி ஓட்டித் தேய்ந்துபோனது என்று பொருள். இவை மூன்றும் கேட்பவரின் களைப்பையோ பொருளின் தேய்மானத்தையோ சொல்கின்றன. செய்தவர் மீது எந்தக் குற்றமும் சுமத்தவில்லை. பிறகு வந்த உலோகச் சொற்களின் புதுமை, என் பார்வையில், இந்த இடத்தில்தான் இருக்கிறது: அவை செய்தவரைக் கூண்டில் நிறுத்துகின்றன.

ஈய எழுத்துகளைக் கோத்து அடித்த காலத்தில் ஒவ்வொரு மறுபதிப்பும் புதுச் செலவு. அச்சடித்து முடிந்ததும் பாரத்தைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டாக வேண்டும். பிரிக்காமல் வைத்தால் முதல் முடங்கும். மறுபடி கோத்தால் கூலியோடு புதிய பிழைகளும் வரும். கோத்த பக்கத்தை அச்சுப்பிடித்து, ஒரே தகடாக வார்த்து வைத்துக்கொண்டால் இத்தனையும் தீர்ந்தது.

எடின்பரோவின் பொற்கொல்லர் வில்லியம் கெட் 1725 வாக்கில் இதில் இறங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக வேதப் புத்தகங்களையும் வழிபாட்டு நூல்களையும் தகட்டில் அச்சிடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதைக் கெடுத்தவர்கள் அச்சுக்கோப்பவர்கள். மறுபடி கோக்கும் வேலை போய்விட்டால் பிழைப்பு என்னாவது என்று அஞ்சி, வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தினார்கள் என்பது அக்காலச் செய்தி. ஒரேமாதிரித்தன்மைக்கு எதிரான அந்த முதல் கலகத்தில் அழகியல் ஏதும் இல்லை, கூலிதான் இருந்தது. கெட் ஊர் திரும்பி, 1739இல் சல்லுஸ்டின் லத்தீன் நூலை வெளியிட்டார். வழக்கமான தனி எழுத்துகளால் அன்றி, வார்த்த தகடுகளால் அச்சிட்டது என்று முகப்புப் பக்கத்திலேயே பெருமிதத்தோடு பொறித்துக்கொண்டார்.

ஸ்டீரியோடைப் என்ற பெயர் 1790களில் பாரிஸ் அச்சாளர் ஃபிர்மன் டிடோ வைத்தது. ஸ்டீரியோஸ் என்றால் கிரேக்கத்தில் திடமானது. 1795இல் அவர் தகட்டில் அச்சிட்டது காலேயின் மடக்கை அட்டவணை. இலக்கங்களைத் தவிர வேறெதுவும் இல்லாத அத்தகைய நூலில் மாறாமை ஒன்றே உயர்ந்த குணம்: தகட்டில் ஒருமுறை திருத்திய பிழை திரும்ப வராது. இங்கிலாந்தில் ஸ்டான்ஹோப் பிரபு இம்முறையைச் செம்மைப்படுத்தினார். 1804இல் தோன்றிய பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்தின் மலிவுப் பதிப்புகளுக்கும் அது கைகொடுத்தது.

சார்லஸ் பாபேஜின் ஆர்வம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தன் கணக்கு இயந்திரம் விடையைத் தானே வார்ப்பச்சில் பதித்துவிட வேண்டும், நடுவில் அச்சுக்கோப்பவரின் கை படவே கூடாது என்பது அவர் திட்டம். உற்பத்தித் தொழில்களின் சிக்கனம் குறித்து 1832இல் அவர் எழுதிய நூலில் படியெடுத்தலுக்கென்றே ஒரு நீண்ட இயல் உண்டு. கிளிஷே என்ற பிரெஞ்சுத் தொழிற்சொல் ஆங்கிலத்தில் தென்படும் தொடக்ககால இடங்களில் அதுவும் ஒன்று. உறையத் தொடங்கும் உலோகத்தின் மேல் அச்சை ஓங்கி இறக்கிப் படி எடுக்கும் முறை அது. அப்போது எழும் ஓசையே பெயராயிற்று என்பர். பாபேஜின் எழுத்தில் அச்சொல்லுக்கு இகழ்ச்சியின் சாயலே கிடையாது.

உருவகப் பொருள் இரண்டு கட்டமாக வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்டீரியோடைப் ஆனது என்றால் இறுகிப்போனது, இனி மாற்ற முடியாதது என்று பொருள். இரவல், ஆயத்தச் சரக்கு என்ற ஏளனம் பின்னரே ஏறியது. கிளிஷே தேய்ந்த சொற்றொடரைக் குறிக்கத் தொடங்கியது அந்நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். வால்டர் லிப்மன் 1922இல் பொதுக்கருத்து பற்றிய தம் நூலில் ஸ்டீரியோடைப்பை மனத்துக்குள் கொண்டுபோனார். மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்பே அவர்களைப் பற்றிய வரையறை நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது என்று அந்த இதழாளர் வாதிட்டார்.

இயந்திரம் பெருகியதால்தான் ஒரேமாதிரித்தன்மை மீது வெறுப்பு வந்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் யங், மூலப் படைப்பைப் போற்றிப் பின்பற்றலைத் தாழ்த்தும் கட்டுரையை 1759லேயே எழுதிவிட்டார். டிடோவின் பெயர்சூட்டலுக்கு அது முப்பதாண்டுக்கும் முந்தியது. வெறுப்பு முன்பே ஆயத்தமாக இருந்தது. அச்சுக்கூடம் அதற்குச் சொல் வழங்கியது. நம் திரை விமர்சகர்கள் ‘ஒரே கிளிஷே’ என்று சலித்துக்கொள்ளும்போது வைக்கும் குற்றச்சாட்டும் யங்கினுடையதுதான், பாபேஜினுடையது அல்ல.

பாய்லர்பிளேட்டின் கதை அமெரிக்கச் சிற்றூர்களில் நடக்கிறது. உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பராபூ ஊரில் இதழ் நடத்திய ஆன்சல் கெல்லாக், அச்சுத்தொழிலாளி படையில் சேர்ந்துவிட்டதால், ஒரு பக்கம் ஏற்கெனவே அச்சான தாள்களை வெளியிலிருந்து வரவழைத்தார். அதுவே வணிகமாக வளர்ந்தது. 1882 முதல் அமெரிக்கன் பிரஸ் அசோசியேஷன் சிகாகோவிலிருந்து கதை, வேளாண் குறிப்பு, துணுக்கு எல்லாவற்றையும் வார்ப்புத் தகடுகளாகவே ஊரூராக அனுப்பியது. உள்ளூர் ஆசிரியரால் இடத்துக்கேற்பத் தகட்டை அறுக்க முடியும். ஒரு சொல்லையும் திருத்த முடியாது. நீராவிக் கொதிகலனுக்கான இரும்புத் தகடு போலிருந்ததால் அப்பெயர் என்கிறார்கள். சிகாகோ அலுவலகத்தின் அருகே இருந்த தகட்டுப் பட்டறையைக் காரணம் காட்டுவோரும் உண்டு. 1890களில் இச்சொல் இதழாளரிடையே கேலியாகிவிட்டது.

1950களில் வழக்கறிஞர்கள் இதே சொல்லை ஒப்பந்தங்களில் மாறாமல் வரும் வாசகங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். பலம் குறைந்தவர் திருத்தக் கேட்க முடியாமல் கையெழுத்து மட்டுமே போடக்கூடிய இத்தகைய ஒப்பந்தங்களைச் சட்ட அறிஞர் ஃபிரீட்ரிக் கெஸ்லர் 1943லேயே சாடியிருந்தார். அறுக்கலாம், திருத்த முடியாது என்றிருந்த சிற்றூர் ஆசிரியரைவிட இப்படிக் கையெழுத்திடுபவர் நிலை இன்னும் மோசம். ஆனால் ஒப்பந்தம் எழுதுபவரிடம் கேட்டால் அவர் டிடோவின் பக்கமே பேசுவார்: நீதிமன்றம் ஏற்கெனவே படித்துப் பொருள் சொல்லிவிட்ட வாசகம் அது; அழகுக்காக ஒரு சொல்லை மாற்றினாலும் புதிய வழக்குக்கு இடமாகும்.