நாராசமும் இறகும்

செவிக்குப் பொறாத சொல்லைக் கேட்டவர், “காதில் நாராசம் பாய்ந்தது போலிருந்தது” என்பர். இவ்வழக்கைக் கையாளுவோரிற் பலர் நாராசம் என்பது காய்ச்சிய இரும்புக் கம்பி என்றே கருதுகின்றனர். அது தவறன்று. ஓலைச்சுவடியின் துளையிற் செருகி, ஏடுகள் நழுவாமல் நிறுத்தும் கம்பிக்கும் அப்பெயர் உண்டு. ஆயினும் அச்சொல்லுக்குப் பழம்பொருள் ஒன்று உளது. அடி முதல் நுனி வரை முழுதும் இரும்பாலாகிய அம்பே நாராசம். மூங்கிலும் நாணலும் வேண்டிய அளவு கிடைத்த நாட்டில் உலோகத்தால் அம்புத் தண்டு செய்தவர்கள் ஒரு தொல்லையையும் தாமே வரவழைத்துக் கொண்டார்கள். வழவழப்பான உலோகத்தின்மேல் இறகை நிறுத்துவது எப்படி என்பதே அத்தொல்லை. இருபதாம் நூற்றாண்டில் அலுமினிய அம்பு வந்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது.

கௌடிலியரின் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம், படைக்கலச் சாலையைப் பற்றிய பகுதியில் ஐவகை அம்புகளை எண்ணுகிறது. மூங்கில், நாணல் ஆகியவற்றாலான அம்புகளோடு தொடங்கும் அவ்வரிசை நாராசத்தோடு முடிகிறது. மைசூரில் ஆர். சாமசாத்திரியார் 1909இல் அந்நூலை அச்சேற்றிய பின்னரே இச்செய்தி பலரும் அறியத்தக்கதாயிற்று. 1363ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற சார்ங்கதர பத்ததியின் வில்வித்தைப் பகுதி இன்னும் நுணுக்கமானது. காகம், அன்னம், மயில், பருந்து முதலிய பறவைகளின் சிறகுகள் அம்புக்கு ஏற்றவை என்றும், அம்பொன்றுக்கு நான்கு இறகு வேண்டும் என்றும், அவற்றை விலங்கின் நரம்பால் திரித்த நூல்கொண்டு கட்டவேண்டும் என்றும் அது விதிக்கிறது. நாராசத்துக்கு மட்டும் விதி வேறு. அகன்ற இறகுகள் ஐந்து வேண்டும். அவ்வாறு அமைந்த நாராசமும் ஒரு சிலருக்கே கைகூடும் என்பது அந்நூலின் கருத்து.

இந்தக் கடைசிக் கூற்று வில்லாளியின் தோள்வலியைப் பற்றியது என்று பொருள் கொள்வதே இயல்பு. கனத்த இரும்பை எய்ய வலிய வில்லும் வலிய கையும் வேண்டும் என்பது மெய்தான். ஆனால் அம்பு கட்டியவனின் கைத்திறனும் அக்கூற்றில் அடங்கியிருக்கலாம் என்று கொள்ள இடமுண்டு. பின்புறத்து இறகு பிடிதளர்ந்தால் எத்துணை வலியவன் எய்தாலும் நாராசம் வெறும் எறிகம்பியே. காவியங்கள் எய்தவனைப் பாடின. எய்தற்கேற்ற அம்பைக் கட்டிக் கொடுத்தவனைப் பாடவில்லை. வடநாட்டில் ‘தீர்கர்’ என்னும் சமூகத்தார் அம்பு செய்தலையே குலத்தொழிலாகக் கொண்டிருந்தனர். ‘தீர்’ என்பது அம்பைக் குறிக்கும் பாரசீகச் சொல். இலண்டனில் இறகு கட்டுவோர் 1371இல் வில் செய்வோரிடமிருந்து பிரிந்து தனிச் சங்கமே கண்டனர். தொழிலின் அருமையை அறிய இஃதொன்றே போதும்.

இறகின் வேலை யாது? நாணிலிருந்து புறப்படும் அம்பு நேராக இருப்பதில்லை. பின்னிருந்து தள்ளப்படுவதால் அது மீனைப்போல் இருபுறமும் நெளிந்து செல்லும். பின்புறத்து இறகு காற்றில் இழுபட்டு, வால் வாலாகவே பின்தொடருமாறு செய்கிறது. இறகு சற்றே சாய்த்து வைக்கப்பட்டிருந்தால் அம்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பறக்கும். இக்காலப் போட்டி வில்லிலிருந்து அம்பு நொடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அந்த வேகமும் நெளிவும் காற்றின் இழுப்பும் இறகை அடியோடு பெயர்க்கவே முயல்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பது இறகின் அடித்தண்டுக்கும் அம்புத் தண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய பசைக்கோடு ஒன்றே.

பழங்காலத்தார் அக்கோட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட மனிதன் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவன். அவனுடைய அம்பறாத்தூணியில் இருந்த 14 அம்புகளில் இரண்டே இறகு கட்டி முடிக்கப்பட்டவை. அவற்றில் இறகுகள் பூர்ச்ச மரப் பட்டையிலிருந்து வடித்த கீலால் ஒட்டப்பட்டு, மெல்லிய நூலால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. 1545இல் மூழ்கி 1982இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் 3,000க்கும் மேற்பட்ட அம்புகள் இருந்தன. நாற்பதினும் மிக்க தசாப்தங்கள் நீரில் கிடந்ததால் இறகுகள் அழிந்துவிட்டன. ஆனால் செம்பு கலந்த பசையின் பச்சை நிறமும், நூல் சுற்றிய தடமும் தண்டுகளில் எஞ்சின. ஐயாயிரம் ஆண்டு இடைவெளியிலும் முறை ஒன்றே: பசை ஒட்டும், நூல் இறுக்கும். ஒன்று தவறினால் மற்றது காக்கும். சார்ங்கதரரின் நரம்பு நூலும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. இரும்புத் தண்டில் பசை ஊறாது. ஆதலின் அங்கே பாரம் முழுவதும் நூலின் மேலேயே விழுந்திருக்கும்.

மலாய்த் தீபகற்பத்திலும் இறகம்புக்கு வரலாறு உண்டு. மலாய் மொழியில் வில் ‘பானா’, அம்பு ‘அனாக் பானா’, அஃதாவது வில்லின் பிள்ளை. இத்தீபகற்பத்தின் வடபகுதிக் காடுகளில் வாழ்ந்த செமாங் மக்கள் வில்லும் நஞ்சு தோய்த்த அம்பும் கொண்டு வேட்டையாடியதை ஸ்கீட், பிளாக்டன் ஆகிய இருவரும் 1906இல் வெளியிட்ட பெருநூலில் விரித்துரைக்கின்றனர். பின்னர் ஊதுகுழல் வில்லின் இடத்தைப் பிடித்தது. ஊதுகுழலின் சிற்றம்புக்கு இறகே இல்லை. குழலின் உட்புறத்தை அடைக்கும் மென்மையான சோற்றுக்கட்டை ஒன்று அதன் வாலில் இருக்கும். அதுவே மூச்சுக் காற்றைத் தடுத்து உந்துகையும் பெறும், வாலாகவும் உதவும். ஒட்டும் தொல்லையை இவ்வாறு அடியோடு ஒழித்தவர்கள் அவர்கள்.

இனி அலுமினியம். 1930களில் சுவீடனிலும் பிரிட்டனிலும் மெல்லிய எஃகுக் குழாயால் அம்புகள் செய்யப்பட்டன. அமெரிக்காவில் டக் ஈஸ்டன் என்பவர் மரத்தண்டுகளின் ஒழுங்கின்மையால் சலித்து அலுமினியத்துக்குத் திரும்பினார். 1941இல் அவர் செய்த அலுமினிய அம்புகளைக் கொண்டு லாரி ஹியூஸ் அந்நாட்டுத் தேசியப் பட்டத்தை வென்றார். போர் முடிந்தபின் 1946இல் அவ்வகைத் தண்டுகள் விற்பனைக்கு வந்தன. இரும்பின் எடையில் மூன்றிலொரு பங்கே உடைய அலுமினியம், நாராசத்தின் பெருங்குறையாகிய கனத்தைத் தீர்த்துவிட்டது. ஒன்றுபோல் ஒன்றிருக்கும் டசன் அம்புகளை வில்லாளி முதன்முறையாகக் கையில் பெற்றான். ஆனால் தொழிற்சாலை முறையில் நூல் சுற்றும் வழக்கம் மறைந்தது. பாரம் முழுவதும் இப்போது பசையின்மேல் விழுந்தது. அதுவும் ஊறிப்பிடிக்க இடந்தராத மேற்பரப்பில்.

இறகு ஏன் பெயர்கிறது என்பதற்கு, அலுமினியத்தின் ‘துரு’வே காரணம் என்று சொல்வது பொதுவழக்கு. இது பாதி உண்மை. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின்மேல் ஆக்சைடுப் படலம் ஒன்று படர்கிறது. அதன் பருமன் சில நானோமீட்டரே. மனித மயிரின் பருமனில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு எனலாம். அது உலோகத்தோடு இறுகப் பிணைந்தது. பசை பிடிப்பதும் உண்மையில் அதன் மேலேதான். பகை அதற்கு மேலே படிந்திருப்பது. குழாய் இழுத்த எண்ணெய், மெருகிட்ட கூட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைவிரலின் நெய்ப்பும் வியர்வையும். பசை அந்த எண்ணெயைப் பற்றிக்கொள்கிறது. எண்ணெய் தண்டைப் பற்றுவதில்லை. மரத்தில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. அங்கே பசை நாருக்குள் இறங்கி வேர்விடுகிறது.

தீர்வு பசைக்குப்பியில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் தூளைக் கொண்டு தண்டின் வால்பகுதியை ஈரத்தோடு தேய்த்து, நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை. ஒரே படலமாகப் பரந்து வழிந்தால் தண்டு தூய்மை பெற்றது. தாமரையிலைத் தண்ணீரைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பெரிய தொழிற்சாலைகளில் உலோகத் தகடுகளை ஒட்டுவதற்கு முன்னும் இதே சோதனை நடைபெறுகிறது. காய்ந்தபின் அவ்விடத்தை விரலால் தொடுவது செய்த வேலையைக் கெடுத்துக்கொள்வதாகும். அசிட்டோன் கொண்டு துடைப்பவரும் உண்டு. அது நாண் பிடிக்கும் நெகிழிப் பிளவில் பட்டால் அதைக் கரைத்துவிடும். இறகின் தண்டையும் தட்டையாகச் சீவித் துடைத்த பிறகே பசையிட வேண்டும். பறவையின் உடலிலும் எண்ணெய் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

செபராங் பிறையின் வடபகுதியில், இருப்புப்பாதை ஓரமாக அமைந்த தாசேக் கெலுகோரில் ஒருவர் இவ்வேலையைச் செய்தால் மற்றொரு சங்கடத்தையும் எதிர்கொள்வார். ஏரியாலும், புளிப்புக் காய் தரும் கெலுகோர் மரத்தாலும் பெயர்பெற்ற அவ்வூரின் காற்று ஈரம் நிறைந்தது. அலுமினிய அம்புக்கு நெடுங்காலம் வழங்கிய பசை நைட்ரோசெல்லுலோசைக் கரைப்பானில் கலந்தது. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றின் நீர் அங்கே பனித்துளிபோல் படிகிறது. பசை வெளுத்துப்போய் வலுவிழக்கும். மேலும் மரத்தில் கரைப்பான் இருபுறமும் வெளியேறலாம். உலோகத்தில் இறகுத்தண்டின் வழியாகவும் ஓரங்களின் வழியாகவும் மட்டுமே வெளியேற முடியும். ஆகவே அங்கே மழைநாளில் தடித்துப் பூசிய பசை, மறுநாள் காய்ந்தது போலத் தோன்றினும் உள்ளே ஈரமாகவே இருக்கும். மெல்லிதாகப் பூசி, வெயில் ஏறிய நண்பகலில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுவதே தக்கது.

ஈரத்தையே துணையாகக் கொண்ட பசையும் பின்னர் வந்தது. கொடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் 1942இல் எதிர்பாராமற் கண்ட சயனோஅக்ரிலேட், 1958இல் விற்பனைக்கு வந்தது. ‘சூப்பர் குளூ’ என்று கடைகளில் விற்பது அதன் வழிவந்ததே. காற்றிலும் பொருளின்மீதும் உள்ள நீர்த்துளியே அதை இறுகச் செய்கிறது. முன்பு தாசேக் கெலுகோரின் ஈரம் கெடுத்ததை இங்கே அதே ஈரம் முடித்து வைக்கிறது. குறையும் இல்லாமலில்லை. அது கண்ணாடிபோல் இறுகுவதால் அம்பு இலக்கில் அறையும் அதிர்ச்சியில் விரிசல் காணும். இறகு பெயரத் தொடங்குவது எப்போதும் முன்முனையில். காற்று முதலில் தட்டும் இடம் அது. எனவே ஒட்டி முடித்தபின் ஒவ்வோர் இறகின் முன்முனையிலும் ஒரு சொட்டுப் பசை வைப்பது வழக்கமாயிற்று. பசையை முற்றிலும் நம்பாத சிலர் அங்கே மெல்லிய நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி, அதன்மேல் அச்சொட்டை வைக்கின்றனர்.