மாஸ்டர் எழுதாத புத்தகம்

தமிழில் சிறுவர்களுக்கு எழுதியே சோறு தின்றவர் என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம். எழுதியவர்களில் பலருக்கும் பகலில் வேறு உத்தியோகம் இருந்தது. அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் வட்டுக்கோட்டையில் வாத்தியாராக இருந்தார். இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்த வரிசைக்கு வரவேண்டியவர் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர்தான். பாட்டு, கதை எல்லாம் அவரிடம் இருந்தன. கேட்கப் பிள்ளைகளும் இருந்தார்கள். அச்சுக்குப் போகும் வழிதான் அவருக்கு இல்லை.

அந்தப் பள்ளிக்கூடமே தோட்டத்தை நிர்வகித்த துரைமார் மனமுவந்து கட்டியது அல்ல. 1907ஆம் ஆண்டின் கிராமப் பள்ளிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் சேர்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பு கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்றன. ஆனால் அந்தப் பொறுப்பு பத்து வயதோடு முடிந்தது. அதற்குமேல் பிள்ளை பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போய்ப் பேர் கொடுக்க வேண்டியதுதான்.

ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். பெரும்பாலான இடங்களில் இதுதான் நிலைமை. ஒரு மூலையில் சின்னதுகள் 'அ'னா எழுதும். இன்னொரு மூலையில் பெரியதுகள் வாய்ப்பாடு கத்தும். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் கட்டிப்போட மாஸ்டரிடம் இருந்த ஆயுதம் பாட்டும் கதையும். மணி அடித்த பிறகும் அவருக்கு ஓய்வில்லை. லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகள் ஊருக்குப் போடும் கடிதத்தையும் துரைக்குக் கொடுக்கும் மனுவையும் அவரிடமே எழுதச் சொல்வார்கள். அந்த மனுக்களின் தமிழை யாராவது சேர்த்து வைத்திருந்தால் அதுவே நல்ல உரைநடைத் தொகுப்பாகியிருக்கும்.

ஊவாவின் தலைநகரான பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். தேயிலை இறங்கிய அதே பாதையில் பத்திரிகைகள் ஏறின. 1930இல் தொடங்கிய வீரகேசரி வந்தது. 1947இலிருந்து அம்புலிமாமாவும், 1950இலிருந்து கண்ணனும் என்று சிறுவர் இதழ்கள் இந்தியாவில் வெளியாகின. கையில் காசுள்ள கணக்கப்பிள்ளை, கிளாக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அவை எட்டக்கூடியவை. அதே 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் பிறந்தது. அங்கே சங்கமும் அச்சகமும் வாங்கும் பெற்றோரும் இருந்தார்கள். இங்கே தோட்டத்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெற்றோரில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லாமல் போயிருந்தது. சிறுவர் புத்தகம் போட்டு விற்க யார் துணிவார்? பிள்ளைகள் படித்ததெல்லாம் வெளியூர்ச் சரக்கு. சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு மனப்பாடம். ஆனால் அதில் வரும் பனங்கட்டியும் கூழும் யாழ்ப்பாணத்து அடுப்படிக்குச் சொந்தம், மலைக்காற்றில் நடுங்கும் லயத்துக்கு அல்ல.

மாஸ்டரின் அடுத்த தலைமுறை எப்படி எழுத்துக்கு வந்தது என்பதற்குப் பதுளை தரும் பெரிய சாட்சி தெளிவத்தை ஜோசப். 1934இல் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தோட்டப் பள்ளி ஆசிரியர். முதல் வாத்தியாரும் அவரே. பிறகு கும்பகோணத்தில் சில வருஷம் படித்துவிட்டுப் பதுளைக்குத் திரும்பினார். தெளிவத்தைத் தோட்டத்தில் தானும் ஆசிரியரானார். அந்தத் தோட்டத்தின் பேரே இலக்கியத்தில் அவர் பேருக்கு முன்னால் நின்றுவிட்டது.

1960களில் வீரகேசரி மலையகத்தாருக்கென்று, அதாவது மலைநாட்டுத் தோட்டத் தமிழருக்கென்று, சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. ஜோசப்புக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த கதைகளில் ஒன்றின் தலைப்பு 'பாட்டி சொன்ன கதை'. தலைப்பு சிறுவர் கதை போலத்தான் இருக்கிறது, எழுதியதோ பெரியவர்களுக்கு. மலையக எழுத்து முழுவதற்கும் இது பொருந்தும் என்றே தோன்றுகிறது. பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதினார்கள். பிள்ளைகளுக்காக எழுதியது குறைவு. குற்றம் சொல்ல முடியாது. 1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்திருந்தது. வகுப்பில் இருக்கும் பிள்ளை அடுத்த வருஷம் எந்த நாட்டில் இருக்கும் என்று தெரியாத காலத்தில் அவசரமாகச் சொல்லவேண்டியவை வேறு இருந்தன. ஜோசப்பின் நாவல் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வந்தது, சிறுகதைத் தொகுப்பு 'நாமிருக்கும் நாடே' 1979இல். அதற்குள் அவர் கொழும்பில் கணக்கெழுதும் உத்தியோகத்துக்குப் போயிருந்தார். 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார், 2022இல் காலமானார்.

பிள்ளைகளுக்கு எட்டிய அச்சுக்குத் திரும்பினால், 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே தோட்டப் பள்ளிகளை அரசு கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980இலிருந்து பாடநூல் இலவசம். புத்தகம் வாங்க வக்கில்லாத லயத்துக்குள்ளும் பிள்ளைக்கென்று அச்சிட்ட தமிழ் அப்படித்தான் வருஷம் தவறாமல் நுழைந்தது. அட்டையில் ஆசிரியர் பேர் இருக்காது. உள்ளே எழுத்தாளர் குழு என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்து ஆட்கள்தான்.