மாதிரிப் படகும் மாகடலும்: கப்பல் உறுதிநிலை ஆய்வு வளர்ந்த வரலாறு

குளத்தில் ஓடவிடப்படும் சிறு படகைப் பெரியோர் விளையாட்டுப் பொருளாகவே கருதுவர். ஆயினும், மாகடலிற் செல்லும் கப்பலின் இயல்புகளை மனிதன் அறிந்துகொள்வதற்கு இச்சிறு படகே ஆசானாக அமைந்தமை கப்பற் கட்டுமான வரலாற்றை நோக்குவோருக்குப் புலனாகும். வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரிப் படகொன்று கவிழாமலும், ஏவியவாறு திரும்பியும் ஓடவேண்டுமெனின் எவ்விதிகள் பேணப்பட வேண்டுமோ, அவற்றுட் பல பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்திலே உருப்பெற்றவை. வில்லியம் புறூட் என்பவரின் பரிசோதனைகளையும், அதே காலத்தில் நிகழ்ந்த 'கப்டன்' என்னும் போர்க்கப்பலின் அழிவையும் ஒருங்குவைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிதக்கும் பொருளின் சமநிலை பற்றி ஆக்கிமிடீஸ் காலந்தொட்டே சிந்திக்கப்பட்டு வந்துள்ளது. எனினும், கப்பல் கட்டுவோருக்குப் பயன்படத்தக்க ஓர் அளவுகோலை வழங்கியவர் பிரெஞ்சு அறிஞரான பியர் பூகே ஆவார். கப்பல் சிறிது சாயும்போது நீரின் மேலுதைப்புத் தாக்கும் கோடு, கப்பலின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். 1746இல் வெளியிட்ட நூலில் அப்புள்ளிக்கு அவர் 'மெற்றாசென்ரர்' எனப் பெயரிட்டார். கப்பலின் புவியீர்ப்பு மையம் இப்புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை கப்பல் மீண்டும் நிமிரும். மேலே சென்றுவிடின் கவிழும். சிந்தனைக்கு எளிய இவ்விதிக்கு இரு வரம்புகள் உண்டு. அது சிறு சாய்வுகளுக்கே பொருந்தும். அலையற்ற நீரையே கருத்திற் கொள்ளும். இவ்விரு வரம்புகளும் மறக்கப்பட்டபோது நேர்ந்ததையே பின்வரும் வரலாறு காட்டுகின்றது.

1810இல் டெவனிற் பிறந்த புறூட், ஒக்ஸ்போட்டிற் கல்வி பயின்று, புகழ்பெற்ற பொறியியலாளரான இசம்பாட் கிங்டம் புறுனெலின் கீழ் இருப்புப்பாதை வேலைகளில் ஈடுபட்டவர். 'கிறேற் ஈஸ்ரேண்' என்னும் மாபெருங் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்த புறுனெல், அது அலைகளில் எவ்வாறு உருளும் என ஆராயுமாறு அவரை வேண்டினார். அவ்வாராய்ச்சியின் முடிவு 1861இல் கப்பற் கட்டுமான அறிஞர் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. ஊஞ்சலை அதன் கதிக்கிசைய மெல்ல மெல்லத் தள்ளினால் அது உயர உயர எழுவது போல, அலைகள் வந்து தாக்கும் கால இடைவெளி கப்பலின் இயல்பான அலைவுக் காலத்தோடு ஒன்றுபடும்போது உருளல் பெருகும் என அவர் காட்டினார். பௌதிகவியலாளர் பரிவு எனக் கூறும் நிகழ்ச்சி இதுவேயாகும். இதிலிருந்து வியப்புக்குரிய முடிபொன்று பெறப்பட்டது. புவியீர்ப்பு மையத்தை அளவுக்கு மீறித் தாழ்த்திக் கப்பலை மிக விறைப்பாக அமைத்தால், அது ஒவ்வோர் அலையின் சரிவோடும் சேர்ந்து விரைந்து உருளும். ஆகவே கூடுதலான விறைப்பே கூடுதலான பாதுகாப்பு என எண்ணுவது தவறாகும். அடிப்புறத்தின் இரு மருங்கிலும் நீளவாட்டில் பொருத்தப்படும் தகடுகளே உருளலைத் தணிக்க வல்லவை என்பதைப் புறூட் வலியுறுத்தினார்.

அடுத்து அவர் கருத்தைக் கவர்ந்தது நீரின் தடை. 1867இல் டார்ட் ஆற்றிலே 'சுவான்', 'றேவன்' எனப் பெயரிய இருவகை மாதிரிகளை நீராவிப் படகொன்றினால் இழுத்து, அவற்றின் தடையை அளந்தார். ஒன்று மழுங்கிய முகப்புடையது. மற்றையது கூரிய முகப்புடையது. ஒவ்வொரு வகையிலும் மூன்று, ஆறு, பன்னிரண்டு அடி நீளமான மாதிரிகள் இருந்தன. இவற்றின் பயனாக, மாதிரியையும் கப்பலையும் ஒப்பிடும் விதியை அவர் நிலைநாட்டினார். வேகங்கள் நீளங்களின் வர்க்கமூலத்துக்கேற்ப அமைந்தால், இரண்டும் எழுப்பும் அலைகள் ஒரே வடிவினவாக இருக்கும் என்பதே அவ்விதி. இருபத்தைந்தில் ஒரு பங்கு நீளமுள்ள மாதிரி, கப்பலின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கோடு செல்ல வேண்டும். அதன் உருளற் காலமும் ஐந்தில் ஒரு பங்காகும். நிறையோ 15,625இல் ஒரு பங்காகும். சிறு பரிசோதனைகள் பெருங்கப்பலின் நடைமுறைக்கு வெகு தொலைவிலுள்ளவை என ஜோன் ஸ்கொற் றசல் போன்ற பெரியோர் கருதினர். ஆயினும் தலைமைக் கப்பற் கட்டுமான அதிகாரியான எட்வேட் றீட் புறூட்டுக்குத் துணைநின்றார். பரிசோதனைத் தொட்டியொன்றை அமைப்பதற்கு 1870 பெப்ரவரியில் கடற்படைத் திணைக்களம் 2,000 பவுண் ஒதுக்கியது.

அதே ஆண்டிலேதான் 'கப்டன்' கடலுக்குச் சென்றது. சுழலும் பீரங்கி மேடைகளைக் கண்டறிந்தவருள் ஒருவரான கௌப்பர் கோல்ஸ் என்னும் கடற்படை அதிகாரியின் கருத்துக்கிணங்க, பேக்கன்ஹெட்டில் உள்ள லெயாட் நிறுவனத்தார் அதனைக் கட்டினர். பத்திரிகைகளும் பாராளுமன்றமும் கோல்ஸின் பக்கம் நின்றன. றீட் இத்திட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. நீர்மட்டத்துக்கு மேல் எட்டடி உயரமாக இருக்கவேண்டிய கப்பலின் பக்கம், கட்டுமானத்தில் நிறை மிகுந்தமையால் ஆறரை அடியளவாகக் குறைந்தது. அத்தகைய தாழ்ந்த உடலின்மீது முழுமையான பாய்மரத் தொகுதியும் நிறுத்தப்பட்டது.

1870 யூலை இறுதியில் போட்ஸ்மத் துறைமுகத்திலே கப்பலைச் சாய்த்து அதன் புவியீர்ப்பு மையம் அளக்கப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்ட கணிப்பு அச்சந்தருவதாயிற்று. கப்பலை நிமிர்த்தும் விசை 21 பாகைச் சாய்விலேயே உச்சத்தை அடைந்து, பின்னர் குறைந்து, ஏறத்தாழ 54 பாகையில் முற்றாக அற்றுப்போனது. உயர்ந்த பக்கங்களைக் கொண்ட 'மொனாக்' என்னும் கப்பலிலோ அவ்வுச்சம் 40 பாகையளவில் அமைந்தது. சிறு சாய்வுகளில் இரு கப்பல்களும் ஏறத்தாழ ஒரேயளவு உறுதியைக் காட்டியமை இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. பூகேயின் அளவுகோலை மட்டும் கொண்டு பார்த்தவருக்குக் 'கப்டன்' குறையற்ற கப்பலாகவே தோன்றியிருக்கும். சாய்வு கூடி மேற்றளத்தின் விளிம்பு நீரில் அமிழ்ந்த பின்னரே அதன் குறை வெளிப்படும்.

இக்கணிப்பு கப்பலை எட்டுமுன்னரே விதி முந்திக்கொண்டது. 1870 செப்டெம்பர் 7ஆந் திகதி நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், ஸ்பானியக் கரையின் பினிஸ்ரர் முனைக்கப்பால் வீசிய புயற்காற்றிலே 'கப்டன்' கவிழ்ந்தது. ஏறத்தாழ 480 பேர் மாண்டனர், பதினெண்மரே தப்பினர். கோல்ஸும், கப்பற்றலைவர் பேர்கோயினும், கடற்படை அமைச்சர் சில்டேர்ஸின் மகனும் மாண்டோருள் அடங்குவர். அதே புயலில் அதே அணியிற் சென்ற 'மொனாக்' தப்பிப் பிழைத்தது. பொதுமக்கள் கருத்துக்கு இணங்கி, துறைசார் அதிகாரிகளின் கருத்துக்கு மாறாகவே இக்கப்பல் கட்டப்பட்டதெனப் பின்னர் கூடிய இராணுவ நீதிமன்றம் பதிவு செய்தது. அறிவு இல்லாமையால் நேர்ந்த அழிவாக இதனைக் கொள்ள முடியாது. அறிவு இருந்தது, அதற்குச் செவிசாய்ப்போர் இருக்கவில்லை. அக்கணிப்பு கப்பல் புறப்படுமுன் செய்யப்பட்டிருப்பின் நானூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் துயரில் ஆழ்ந்திரா.

ரோர்க்கீ நகரிலே புறூட்டின் இல்லத்துக்கு அணித்தாக அமைக்கப்பட்ட தொட்டி, 1872இல் வேலை தொடங்கியது. 278 அடி நீளமான அத்தொட்டியில், பரபின் மெழுகினாற் செய்த மாதிரிகள் தண்டவாளத்தில் ஓடும் வண்டியினால் இழுக்கப்பட்டன. மெழுகைச் செதுக்குவதும், உருக்கி மீண்டும் வார்ப்பதும் எளிதாகையால், வடிவத்தைத் திருத்தித் திருத்திச் சோதிக்க முடிந்தது. 'கிறேஹவுண்ட்' என்னும் உண்மையான கப்பலைக் கடலில் இழுத்துப் பெற்ற அளவுகள், அதன் மாதிரி காட்டிய அளவுகளோடு நன்கு பொருந்தின. பக்கத் தகடுகள் பொருத்திய அக்கப்பல், தகடற்ற 'பேர்சியஸ்' என்னும் கப்பலைவிடக் குறைவாகவே உருண்டது. 1879இல் புறூட் தென்னாபிரிக்காவின் சைமன்ஸ்ரவுனில் காலமான பின்னர், அவர் மகன் றொபேட் எட்மன் புறூட் இப்பணியைத் தொடர்ந்தார்.

உறுதிநிலை இவ்வாறு ஆராயப்பட்டபோதும், கயிற்றினாலோ வண்டியினாலோ இழுக்கப்பட்ட மாதிரி தானாகத் திரும்ப இயலாது. அத்தளையை நீக்குவதற்கு வழிகாட்டியவர் நிக்கொலா ரெஸ்லா. 1898இல் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க மண்டபத்தில், கம்பித் தொடர்பின்றி இயங்கும் சிறு இரும்புப் படகை அவர் ஓட்டிக் காட்டினார். அவ்வாண்டு நவெம்பர் 8ஆந் திகதி அதற்கான அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பற்றரி, செலுத்தும் மோட்டார், சுக்கானைத் திருப்பும் மோட்டார் ஆகிய அனைத்தும் படகினுள்ளேயே அமைந்தன. பின்னாளில் இத்தகைய படகுகளே ஆய்வுக்கூடங்களின் அகன்ற நீர்த்தடாகங்களிற் சுயமாக ஓடி, கப்பலின் திரும்புந் திறனை வெளிப்படுத்தலாயின. நூறு மீற்றரும் அதற்கு மேலும் நீளமான கப்பல்கள் திரும்பும் வட்டத்தின் விட்டம், கப்பலின் நீளத்தைப்போல் ஐந்து மடங்கை மீறலாகாது என 2002இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதித்த நியமத்தைக் கப்பல் கட்டுமுன்னரே சோதிக்க இம்மாதிரிகள் உதவுகின்றன.

இவ்வரலாறு பொழுதுபோக்காகப் படகு செய்வோருக்கும் பயன்படுவதாகும். அவர்களது படகு திருப்பத்திலே கவிழ்வதற்கு முதற் காரணம் பெரும்பாலும் வேகமே. ஒரே வளைவில் வேகம் இருமடங்கானால், படகை வெளிப்புறமாகச் சரிக்கும் தாக்கம் நான்கு மடங்காகும். சிறு மோட்டாரோ புறூட்டின் விதி அனுமதிக்கும் வேகத்தை எளிதில் மீறிவிடும். பற்றரியை இயன்றளவு அடியில், அசையாதவாறு கட்டிவைப்பதும், பக்கங்களைத் தாழ்த்தாமல் விடுவதும், உருளல் மிகின் பக்கத் தகடுகளைப் பொருத்துவதும், சுக்கானைப் புறொப்பெலர் தள்ளும் நீரோட்டத்தில் அமைப்பதும் பரிகாரங்களாகும். இவற்றுள் ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி, மாற்றத்தின் விளைவை அளந்து குறித்தலே புறூட் காட்டிய நெறியாகும்.

மாதிரிப் படகு கவிழ்ந்தால் அதை மீட்டெடுத்து, குறையைத் திருத்தி, மறுநாளும் ஓடவிடலாம். மாகடலிற் கவிழ்ந்த கப்பலுக்கு மறுநாள் இல்லை. சிறியதன் தவறுகளைக் கண்டு பெரியதைக் காப்பதே மாதிரியின் பயன். அப்பயன் கிட்டுவதற்கு, மாதிரி உரைப்பதைக் கேட்கும் பணிவு அதிகாரத்தில் இருப்போருக்கும் ஆரவாரிக்கும் மக்களுக்கும் வேண்டும் என்பதைக் 'கப்டன்' கப்பலின் முடிவு உணர்த்தி நிற்கின்றது.